பெரியம்மாவும் துருசும்

நானும் இரண்டு கூட்டாளிகளும் ஆறு மாதமாக ஒரு சின்ன போன் கேம் செய்துகொண்டிருக்கிறோம். குளத்துத் துருசை, அதாவது மதகை, திறந்து வாய்க்கால் வழியே வயலுக்குத் தண்ணீர் விடவேணும், அவ்வளவுதான். நாங்களே திரும்பத் திரும்ப விளையாடி, லேசான கேம் என்று முடிவுகட்டியிருந்தோம்.

போன கிழமை பரந்தனில் பெரியம்மாவிடம் போனைக் கொடுத்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாற்பது வருசம் வயல் செய்தவர், ஒரு கேமும் தொட்டதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த துருசின் மேல் விரலை வைத்து வட்டமாகச் சுற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு இன்னும் அழுத்திச் சுற்றினார். நாங்கள் வைத்திருந்தது மேலே இழுக்கிற மாதிரி. "மேல இழுங்கோ" என்று சொல்ல வாய் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் "எனக்கு உது விளங்காது பிள்ளை" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

துருசைச் சுற்றித்தானே திறப்பது! அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது, எங்களுக்குத்தான் துருசு தெரியவில்லை. ஆனால் குறை தன்னில் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போனது அவர், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வால்வ் என்ற கேம் நிறுவனத்தில் வெளி ஆட்களை விளையாடவிட்டு, கேம் செய்தவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்களாம் என்று படித்தபோது இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். 2009இல் வந்த பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ் கேமில் முதல் கட்டத்தில் ஒரேயொரு வரிசைப் புல், ஒரேயொரு வகைச் செடி, மற்றதெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக வரும். அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், தன் அம்மாவை அதை முழுக்க விளையாட வைத்தது எப்படி என்றே 2012இல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் பேசினார்.

கேம் செய்கிற தம்பி தங்கச்சிமார், தொடக்கத்தில் நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதி ஒட்டாதீர்கள், யாரும் வாசிப்பதில்லை. கூட்டாளிக்குக் கொடுத்தால் "சூப்பர் மச்சான்" என்றுதான் சொல்லுவான். இன்னொன்று, ஒரு ஆள் ஒருமுறைதான் புது ஆளாக இருக்க முடியும். அதனால் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே நாளில் காட்டி முடித்துவிடாதீர்கள், ஒருவரிடம் பார்த்துத் திருத்திவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

துருசை இப்போது சுற்றுகிற மாதிரி மாற்றிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மாங்குளத்தில் மாமியிடம் கொடுக்கப்போகிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம் கேமே விளையாடாத அம்மா அப்பா வீட்டில் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், பத்து நிமிசம் போதும், நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.