32 பிள்ளைகளில் ஏன் அவன்?

சனிக்கிழமை நான் ஒரு பன்னிரண்டு நொடி வீடியோ போட்டேன். பள்ளி நாடகத்துக்கு வேடம் போடும்போது என் தம்பி மகனின் கறுப்பு நிறத்தை அவன் டீச்சர் கேலி செய்தது அதில் இருக்கிறது. அதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பின்னூட்டங்களைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு கார்ட்டூனுக்கு இவ்வளவு கோபமா?" என்கிறீர்கள். "சின்னப் பிள்ளைகள் நாடகத்தில் போய் அரசியல் தேடாதீர்கள்" என்கிறார் ஒருவர். "டீச்சர் பாவம், விளையாட்டாகச் சொன்னது" என்கிறார் நான் மதிக்கிற ஓர் அண்ணன். வீடியோவில் நடந்ததை விட்டுவிட்டு என் கோபம் எத்தனை கிலோ என்று எல்லோரும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கேட்டது ஒரே கேள்வி. இரண்டாம் வகுப்பில் 32 பிள்ளைகள். ஆண்டு விழாவுக்கு சோட்டா பீம் கார்ட்டூன் நாடகம். அதில் காலியா வேடத்துக்கு ஏன் என் தம்பி மகன்?

காலியா குண்டன். இவன் முருங்கைக்காய் மாதிரி இருப்பான், பள்ளி டவுசர் இடுப்பில் நிற்காமல் அவன் அம்மா ஊக்கு குத்தி அனுப்புகிறாள். காலியா அடுத்த பிள்ளைகளை மிரட்டுகிறவன். இவன் டிபன் பாக்ஸில் இருக்கிற முறுக்கை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வருகிறவன். ராஜு வேடத்துக்கு வகுப்பிலேயே குட்டையான பையனைப் பிடித்தார்கள். டோலு, போலு என்கிற இரட்டையருக்கு ஒரே உயரத்தில் இரண்டு பேரை நிற்க வைத்து அளந்து பார்த்தார்கள். சரி, காலியாவுக்கு எதை அளந்தார்கள்? உடம்பு ஒத்துப்போகவில்லை, குணம் ஒத்துப்போகவில்லை. மிச்சம் என்ன இருக்கிறது? அதைத்தான் வீடியோவில் அந்த டீச்சர் வாயாலேயே சொல்கிறார்: "இவனுக்கு மேக்கப்பே வேண்டாம்."

உடனே எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் முகங்களை மறைத்துப் போட்டதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு வந்த வீடியோவில் முகங்கள் இருந்தன. முதலில் சிரித்தது அவன்தான். டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டான். ஏழு வயதுப் பையன், அடுத்தவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிட வேண்டும் என்று எங்கே கற்றுக்கொண்டான்? அந்தச் சிரிப்பைத்தான் மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் கதாநாயகன் பீம் வேடம் போட்ட பிள்ளையின் கன்னத்தில் ஓர் அக்கா ரோஸ் பவுடரைத் தட்டித் தட்டி அப்பிக்கொண்டிருக்கிறாள். ஏற்கெனவே சிவப்பான பிள்ளை அது. இன்னும் கொஞ்சம் சிவப்பாக வேண்டியிருந்திருக்கிறது.

"கார்ட்டூனில் அப்படித்தானே இருக்கிறது, டீச்சர் என்ன செய்வார்?" என்கிறீர்கள். கார்ட்டூனில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஹைதராபாத் க்ரீன் கோல்ட் நிறுவனம் எடுத்து 2008-ல் போகோ சேனலில் வந்த தொடர். பீம் வெளுப்பு. எல்லோர் மேலும் பொறாமைப்படுகிற, வம்புக்கு வருகிற, கடைசியில் அடி வாங்கி ஊரார் சிரிக்க நிற்கிற காலியா மாநிறத்துக்கும் கீழே. பெயரே இந்தியில் கறுப்பன் என்று பொருள்படுகிற பெயர். நம் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. காலியா என்றால் காலி டப்பா என்றுதான் காதில் விழும். பெயரின் அர்த்தம் தெரியாமலேயே, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் யார் காலியா என்று கேட்டதும் ஒரே பையனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இதை நான் சொல்லவில்லை, டீச்சரே தன் பக்க நியாயமாகச் சொன்னது. "நான் கூட சொல்லலை மேடம், பிள்ளைங்களே அவன் பேரைத்தான் சொன்னாங்க." அதுதானே என் பயம்! பிள்ளைகளே சொன்னார்கள் என்பது எப்படி நியாயமாகும்? அந்த இடத்தில் "இல்லை, வேறு யாராவது வரட்டும்" என்று சொல்லத்தானே அங்கே ஒரு பெரியவர் நிற்கிறார்?

மகாபாரதத்தில் கண்ணன் கறுப்பு. திரௌபதி கறுப்பு, அவளுக்குக் கிருஷ்ணை என்றே பெயர். நம் ஊரில் மாயோன் என்று கும்பிட்டதே கரிய நிறத்தைத்தான். இன்றைக்குப் பிள்ளைகளின் அனிமேஷனில் கண்ணனைப் பாருங்கள், வானத்து நீலமாக இருக்கிறான். சாமி கறுப்பாக இருந்தால் நீலம் பூசிவிடுகிறோம். வம்புக்காரன் கறுப்பாக இருந்தால் அப்படியே விட்டுவிடுகிறோம்.

"காலியா நல்லவன்தான், பீமோடு சேர்ந்து சண்டையெல்லாம் போடுவான், என் பையனுக்கு அவனைத்தான் பிடிக்கும்" என்று ஒரு தோழி எழுதியிருக்கிறாள். இதில் உண்மை இருக்கிறது. ஆபத்து வந்தால் அவனும் கூட நிற்கிற கதைகள் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் பையன் சிவப்பு. அவனுக்குக் காலியாவைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், அவன் இஷ்டம். என் தம்பி மகனுக்கு அந்த இஷ்டத்தை யாரும் விட்டுவைக்கவில்லை.

என் தம்பியிடம் பேசினேன். "விடுக்கா, ஒரு நாள் நாடகம்தானே" என்றான். இவனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கருவாயன் என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கும் எதிர்வீட்டு ஆச்சி "கருவாயன் வந்துட்டான்" என்றுதான் சொன்னாள். முப்பத்தாறு வயதில் அவன் "விடுக்கா" என்கிறான். அவன் விட்டுவிட்டான் என்பதால் நானும் விட வேண்டுமா?

அப்புறம் இந்த க்ரேயான் விஷயம். போன மாதம் தம்பி மகன் எங்கள் வீட்டில் இருந்தபோது குடும்பப் படம் ஒன்று வரைந்தான். அப்பா, அம்மா, பாப்பா, நான், அவன். எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே வெளிர் ரோஸ். "உன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார், இதா நம்ம கலர்?" என்றேன். க்ரேயானை மணிக்கட்டின் மேல் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இதுக்குப் பேரே ஸ்கின் கலர்தானே அத்தை" என்றான். அவனுக்குச் சந்தேகம் அந்தக் க்ரேயான் மேல் வரவில்லை, தன் கை மேல் வந்தது. அமெரிக்காவில் க்ரயோலா கம்பெனி இந்த வண்ணத்தைச் சதை நிறம் என்று கூப்பிடுவதை 1962-லேயே விட்டுவிட்டு பீச் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நம் ஊரில் எந்த வகுப்பில் போய் "ஸ்கின் கலர் குடு" என்று கேட்டாலும் இன்றைக்கும் அதே வெளிர் ரோஸைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அந்த வகுப்பில் அந்த நிறத்தில் ஒரு பிள்ளைகூட இருக்காது.

"குழந்தைகளுக்கு நிறமெல்லாம் தெரியாது, நீங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்று இரண்டு கறுப்பின உளவியலாளர்கள், கணவன் மனைவி, 1940-களில் இதைத்தான் பார்த்தார்கள். நான்கு பொம்மைகள், நிறத்தைத் தவிர எல்லாம் ஒன்று. மூன்றிலிருந்து ஏழு வயது வரை உள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் கொடுத்து, எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். கடைசியில் "உன்னை மாதிரி இருப்பது எது?" என்று கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுகொண்டு எழுந்து போய்விட்டார்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி கூடாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இருக்கிறது. மூன்று வயதிலேயே தெரிகிறது ஐயா. ஏழு வயதில் நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி இருப்பது நாம்தான்.

"தமிழ்நாட்டில் ரஜினி கறுப்பு, விஜயகாந்த் கறுப்பு, இங்கே இந்தப் பிரச்சினையே இல்லை" என்று இருபது பேராவது எழுதியிருப்பீர்கள். சரி. அவர்களுக்கு ஜோடியாக நடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். கறுப்பான ஆணுக்கு இங்கே வாசல் கொஞ்சம் திறந்திருக்கிறது. கறுப்பான பெண்ணுக்கு?

அதே வீடியோவில் பீமின் தோழி சுட்கியாக நிற்கிற பெண்பிள்ளையை யாராவது கவனித்தீர்களா? கையில் லட்டுத் தட்டு. மொத்த நாடகத்தில் அவளுக்கு ஒரே வசனம்: "பீம், லட்டு சாப்பிடு." பீமுக்கு லட்டு தின்றால் பலம் வரும், லட்டு கொண்டுவந்து கொடுத்தவளுக்கு என்ன வரும்? அந்தப் பிள்ளைதான் வகுப்பில் முதலாவதாகப் படிக்கிறவள், முழு நாடகமும் அவளுக்கு மனப்பாடம் என்று என் தம்பி மகன் சொல்கிறான். மற்றவர்கள் மறந்தால் இவள்தான் எடுத்துக் கொடுக்கிறாளாம்.

இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஐந்தாம் வகுப்பில் சுதந்திர தின நாடகத்தில் பாரத மாதாவின் வசனம் முழுவதையும் ஒரே இரவில் படித்து வந்தது நான். ஒரு பக்கம் முழுக்க வரும் அந்த வசனம். ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு டீச்சர் என் தலையைத் தடவினார், "எவ்வளவு கணீர்னு பேசுறா" என்றார். வேடத்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தார். சிவப்பு, சுருள்முடி. அவளுக்கு வசனம் நிற்கவில்லை. கடைசியில் என்னைத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தாள். நான் பேசினேன். கைதட்டல் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது. அம்மா என் குரலைக் கண்டுபிடித்து அழுதிருக்கிறாள், எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அந்த டீச்சர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை, உண்மையாகவே சொல்கிறேன், அவர் என்னைப் பிரியமாகத்தான் வைத்திருந்தார். பிரியமாக இருந்துகொண்டே இதைச் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் "டீச்சர் பாவம், நல்லவர்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஆறுதல் வருவதில்லை.

அந்த வருஷம் சித்தப்பா வாங்கி வந்த பொம்மைக்கு நீலக் கண், மஞ்சள் முடி. பின்னால் சேலை கட்டிய பார்பியும் கடைக்கு வந்தது. சேலையும் பொட்டும் நம்முடையவை, முகம் அதே முகம். பார்பி பிறந்தது 1959-ல். பார்பி என்ற பெயரிலேயே ஒரு கறுப்புப் பொம்மை வர 1980 ஆனது. 2016-ல்தான் நான்கு உடல்வாகு, ஏழு தோல் நிறம் என்று வரிசையாகச் செய்தார்கள். இடையில் 1992-ல் ஒரு பேசும் பார்பி, கணக்கு வகுப்பு கஷ்டம் என்று வாய் திறந்து சொன்னது. அமெரிக்காவில் கேட்டவர்கள் சண்டை போட்டு அந்த வசனத்தை எடுக்க வைத்தார்கள். அவர்களிடமும் நிச்சயம் யாராவது "ஒரு பொம்மைக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்டிருப்பார்கள்.

"எதையும் பார்க்காதே என்று டிவியை உடைத்துவிடலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். அவன் சோட்டா பீம் பார்க்கட்டும், லட்டு வேண்டும் என்று அடம் பிடிக்கட்டும். நானும் அவனோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கார்ட்டூன் ஹைதராபாத்தில் வரைந்தது. வேடம் இங்கே, நம் பள்ளிக்கூடத்தில், நம் கையால் கொடுத்தது. கறுப்பான பிள்ளை பீமாக நின்றால் என்ன ஆகிவிடும்? லட்டு செரிக்காதா? சுட்கி ஒரு நாள் அந்த லட்டைத் தானே தின்றுவிட்டு ஒரு குத்து விட்டால் நாடகம் நின்றுவிடுமா? இதை யோசிக்கக்கூட ஒருவரும் தயாராக இல்லை என்பதுதான் என்னைக் குடைகிறது.

இன்று மதியம் பள்ளியிலிருந்து தம்பிக்கு போன் வந்தது. ரொம்ப மரியாதையாகப் பேசினார்களாம். "உங்க அக்கா மனசு கஷ்டப்பட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டோம் சார். பையனை மாத்திட்டோம். குரங்கு ஜக்கு வேஷம் கொடுத்திருக்கோம், முகமூடி போட்டுக்கலாம்." காலியாவை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிரச்சினை தீர்ந்தது என்று தம்பி நிம்மதியாக எனக்குச் சொன்னான்.

யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவன் சொல்லத் தயங்கினான்.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். கடைசி வரிசையில் தூணை ஒட்டி ஒரு பையன் நிற்கிறான். முகத்தை மறைத்திருக்கிறேன், கைகள் தெரிகின்றன. அவன்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்குப் போகிறேன். அவனுடைய அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் சொல்லுங்கள்.