பட்டன் தட்டினா ஆயிடுமா?

“இன்னா தம்பி, பிளக்-இன்ன போட்டா அஞ்சு நிமிசத்துல முடியற வேலை, அதுக்கு இம்மாந் துட்டா?”

பாட்டை எங்கிட்டக் குடுத்தவரு நேத்து சாயங்காலம் தண்டையார்பேட்டை டீக்கடையில வச்சு என் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. பிளக்-இன்னா கம்ப்யூட்டர்ல சத்தத்தைத் திருத்துற சின்ன சாப்ட்வேர். ஆனா ஒன்பது ராத்திரி உட்கார்ந்து நான் மிக்ஸிங் பண்ணி, அதாவது குரலையும் வாத்தியத்தையும் சேர்த்துச் சீராக்கி, முடிச்ச கானா பாட்டு அது. இன்னும் நெஞ்சு எரியுது.

எனக்கு வந்தது எப்படி வந்ததுன்னு கேளுங்க. குரல், டோலக்னு தனித்தனியா பதிவு பண்ணின மொத்தம் 31 டிராக், பாதிக்குப் பேரே இல்ல. மீதியில ‘வாய்ஸ் கடைசி’, ‘வாய்ஸ் கடைசி புதுசு’, ‘வாய்ஸ் இதான் கடைசி’. வியாசர்பாடியில ஒரு மாடி ரூம்ல ஃபேனை ஓடவிட்டு எடுத்திருக்காங்க. பாடுறவர் உச்சத்துக்குப் போற இடத்துலெல்லாம் சத்தம் அளவு மீறுதுன்னு சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. ஒலி அலையோட தலையை அரிவாளால சீவின மாதிரி தட்டையா நிக்குது. ஏன்பா இப்படின்னு கேட்டா, “மிக்ஸிங்ல பார்த்துக்கலாம்ணா”. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. உடைஞ்ச குரலை ஓரளவுக்கு ஒட்டலாம். உடையாத குரலா ஆக்க எந்த பிளக்-இன்னாலயும் முடியாது.

டோலக் டிராக்ல அடியில கரண்டு உறுமல். நம்ம ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ். ஆனா உறுமல் 50-ல மட்டும் நிக்காது, 100, 150-னு மேல மேல ஏறிக்கிட்டே போகும். ஈக்யூவை, அதாவது ஒலியில ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கிறதை, வச்சு அந்தந்த இடத்தை ஊசியால குத்தி எடுக்கிற மாதிரி எடுக்கணும். டோலக்கோட இடக்கைத் ‘தும்’மும் அதே அக்கம்பக்கத்துலதான் இருக்கு. ஒரு நூல் அதிகமா வெட்டினா உறுமலோட சேர்ந்து டோலக்கும் போயிடும். ரெண்டு ராத்திரி இதுக்கே சரியாப் போச்சு. அப்புறம் கம்ப்ரஸர், சத்தம் எகிறுறப்போ அமுக்குறது. அட்டாக்கை, அதாவது அது எவ்வளவு சீக்கிரம் அமுக்கணும்கிறதை, வேகமா வச்சா அடியோட முனை மழுங்கிடுது, தாமதமா வச்சா அடி தாண்டிப் போனப்புறம் அமுக்குது. 10 மில்லி செகண்டா, 30 மில்லி செகண்டா? கேட்கிறவன் கால் தானா ஆடுமா ஆடாதான்னு முடிவு பண்றது அந்த இடைவெளிதான். இதுக்கு எந்தப் பட்டனைத் தட்டணும், சொல்லுங்க?

கம்ப்ரஸர்னா ஒரு காலத்துல கோடம்பாக்கம் ரெக்கார்டிங் தியேட்டர்ல ரேக்குல இருந்த இரும்புப் பெட்டி. 1996-ல ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி பிளக்-இன் கம்ப்யூட்டர்ல ஓடுறதுக்கான விஎஸ்டிங்கிற முறையைக் கொண்டுவந்தாங்க, அந்த மாதிரிப் பெட்டியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கம்ப்யூட்டருக்குள்ள வந்துடுச்சு. எங்களை மாதிரி கொருக்குப்பேட்டைப் பசங்களுக்கு அது பெரிய வரம், அதை நான் மறுக்கல. ஆனா வந்தது பெட்டி மட்டும்தான். அதைத் திருகுறவனோட காது கூடவே வரல.

பாட்டைக் குடுத்தவரு நாலாவது நாள் போன் பண்ணி, “குரல்ல பிட்ச் கரெக்ஷன் ஃபுல்லா போட்டுரு, ஸ்மூத்தா வரணும்”னாரு. மாட்டேன்னு சொல்லிட்டேன். கானாவுல ரெண்டு சுரத்துக்கு நடுவுல குரல் வழுக்கிக்கிட்டு இறங்கும் பாருங்க, அழுகை உட்கார்ந்திருக்கிற இடமே அதுதான். பிட்ச் கரெக்ஷன் போட்டு அதை நேராக்கிட்டா பாடினவரோட வீட்டுலயே அது அவர் குரல்னு தெரியாது. அவர் வரி எடுக்கிறதுக்கு முன்னாடி இழுக்கிற மூச்சைக்கூட நான் வெட்டல, கொஞ்சம் தூக்கித்தான் விட்டிருக்கேன்.

இவ்வளவும் முடிச்சுட்டுத்தான் டீக்கடைக்குப் போனேன். அவர் செல்லை எடுத்தாரு. ஹெட்போன் கொண்டுபோயிருந்தேன், நீட்டினேன், “அத்த வை”ன்னுட்டாரு. பாட்டைப் போட்டாரு. கரெக்டா அந்த நேரம் ஹார்பர் பக்கம் போற கன்டெய்னர் லாரி ஒண்ணு ஹார்னை அமுக்கிக்கிட்டே போகுது. முதல் சரணம் அதுலயே போச்சு. திருப்பிப் போடுங்கண்ணான்னேன், போடல. செல்லோட கீழ்ப்பக்கம் ஸ்பீக்கர் ஓட்டை வரிசையா இருக்கும்ல, அது மேலயே அவர் கட்டை விரல். அந்த விரலையே பார்த்துக்கிட்டு நிக்கிறேன். நகத்தோரம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கு. “விரல எடுங்கண்ணா”ன்னேன். எடுத்தாரு. ரெண்டு வரி போச்சு, டீ வந்துச்சு, கிளாஸை வாங்குறப்போ மறுபடியும் விரல் அதே இடத்துக்குப் போயிடுச்சு.

“பேஸே இல்லியே தம்பி, டோலக் எங்க?”

அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ அநேகமா எதுவும் வராது. அது தெரிஞ்சுதான் சாச்சுரேஷன் போட்டு, 80-ல இருக்கிற அடிக்கு 160, 240-ல துணைச் சத்தம் ஏத்தி வச்சிருக்கேன். அடிச் சத்தம் வராட்டியும் துணைச் சத்தத்தைக் கேட்டே காது அதைப் புரிஞ்சுக்கும். டீக்கடையில செல்லுல கேட்கிறவனுக்கும் டோலக் போய்ச் சேரணும்னு ஒரு முழு ராத்திரி அதுக்காகவே உட்கார்ந்தேன். அந்த ஓட்டையை அடைச்சுக்கிட்டு டோலக் எங்கன்றாரு!

அப்புறம் வேற ஏதோ பாட்டைப் போட்டு, “பாரு, எப்டி அலறுது, நம்மளுது கம்மியா கீது”ன்னாரு. லிமிட்டரை, அதான் உச்சியை அமுக்கி மொத்தச் சத்தத்தைத் தூக்குறதை, இன்னும் ஏத்தினா அலறும்ணா, ஆனா அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்கிற காத்து செத்துடும், ஸ்பாட்டிஃபை மாதிரி இடத்துல போட்டா வழக்கமா மைனஸ் 14 லஃப்ஸ்ங்கிற சத்த அளவு கிட்ட இறக்கிடுவாங்க, அலறவிட்டதுக்குப் பலனே இருக்காதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அவர் டீக்கடைக்காரர் கிட்ட பிஸ்கட் கேட்டுக்கிட்டிருக்காரு. அதுக்கப்புறம்தான் அந்த அஞ்சு நிமிசப் பேச்சு. பேசின காசுல பாதியை என் பாக்கெட்டுல சொருகிட்டு, “பாட்டு ஹிட்டாவட்டும், மீதி அப்பால பார்த்துக்கலாம்”.

வீட்டுக்கு வந்து விடிய விடிய தூக்கம் வரல. பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. அந்த மூச்சு வர்ற இடம் ரொம்ப நல்லா இருக்கு.

லாரிச் சத்தத்துக்குப் பயந்து ராத்திரி ஒரு மணிக்கு மேலதான் நான் வேலையே ஆரம்பிக்கிறது. காலையிலயாவது கண்ணை மூடலாம்னு பார்த்தா, போன மாசம் மூடின பள்ளத்தை ஏழு மணிக்கே மறுபடி தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க, என் ஜன்னலுக்கு நேர் கீழ. இந்த டிரில்லர் சத்தத்தை எந்த ஈக்யூவை வச்சு வெட்டுறது? ராத்திரியெல்லாம் காதை வச்சுப் பொழைக்கிறவன் எப்பய்யா தூங்குறது?