இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) படித்தால் ஐடி மட்டும்தானா?

"இசிஇ படித்தாலும் கடைசியில் ஐடி வேலைதான், பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுக்கலாம்" என்ற கட்டுரையின் முடிவை ஏற்க முடியவில்லை. கேம்பஸுக்கு வருபவை பெரும்பாலும் மென்பொருள் கம்பெனிகள் என்பது உண்மைதான். அதை மட்டும் வைத்து ஒரு படிப்பை எடை போடலாமா?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-லேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. இன்று குவால்காம், இன்டெல், என்எக்ஸ்பி என்று பலரும் இந்தியாவில் சிப் வடிவமைக்கிறார்கள். இதில் பெரிய பங்கு வெரிஃபிகேஷன் வேலைக்கு, அதாவது வடிவமைப்பில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலைக்கு. சிலிக்கானில் ஏறிவிட்ட பிழையை ஒரு அப்டேட் அனுப்பிச் சரிசெய்துவிட முடியாது. மறுபடி தயாரிக்க மாதக்கணக்கில் ஆகும், செலவும் கோடிகளில். அதனால் ஃபேப்புக்கு (சிப் தயாரிக்கும் ஆலைக்கு) அனுப்பும் முன்பே சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். இதற்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் அத்துப்படியாக இருக்க வேண்டும், சிப்பை விவரிக்கவும் சோதிக்கவும் பயன்படும் சிஸ்டம் வெரிலாக் மொழியில் எழுதத் தெரிய வேண்டும். முதலாவதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறோம். இரண்டாவதைப் பல கல்லூரிகளில் தொடுவதே இல்லை. எனக்குக் கோபம் இதில்தான், படிப்பின் மேல் அல்ல.

அரசு வேலை வேண்டுமென்றால் இஸ்ரோ, பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), யுபிஎஸ்சி பொறியியல் பணித் தேர்வு எல்லாம் இருக்கின்றன.

கவுன்சலிங்கில் உட்காரப்போகும் தம்பி, தங்கைகளே, கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நாமே வடிவமைத்த டிஜிட்டல் சர்க்யூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்க உதவும் எஃப்பிஜிஏ போர்டு மாணவர்கள் கைக்கு வருகிறதா, அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்று அங்கே படிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசஸர் ஓப்பன் சோர்ஸ்தான். அதன் மூல நிரலை இன்றைக்கே இறக்கிப் படிக்கத் தொடங்கலாம்.