நீங்கள் ஒதுங்க மாட்டீர்கள், ஃபெர்ரி காத்திருக்காது

மோட்டார்ஹோமில், அதாவது வீட்டு வசதியோடு இருக்கும் வண்டியில், நார்வே கடற்கரையைச் சுற்றும் பெருமக்களே, உங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறது. காலையில் எழுந்து பல் துலக்கும்போது முகம் பார்க்க அல்ல அது. பின்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்க்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதில் பார்த்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் 17-ஆம் எண் சாலை என்று ஒன்று இருக்கிறது. ஸ்டெயின்ஷெரில் தொடங்கி வடக்கே போடோ வரை ஏறத்தாழ 650 கிலோமீட்டர், பெரும்பாலும் கடலை ஒட்டியே போகும். வழியில் நடுவே ஓட்டை விழுந்த டோர்க்ஹாட்டன் மலை, வரிசையாக நிற்கும் ஏழு சகோதரிகள் சிகரங்கள், ஸ்வார்ட்டிசன் பனிப்பாறை எல்லாம் உண்டு. அழகைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. ஆனால் இந்தச் சாலை நேராகப் போய்ச் சேராது. கடல் உள்ளே புகுந்திருக்கும் இடங்களில் சாலை நின்றுவிடும், வண்டியோடு ஃபெர்ரிக் கப்பலில் ஏற வேண்டும். மொத்தம் 6 ஃபெர்ரி. ஒன்று 10 நிமிடம், இரண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம், மற்றவை இடைப்பட்டவை.

இங்கேதான் ஆரம்பிக்கிறது வினை. ஃபெர்ரி கரை சேர்ந்ததும் உள்ளே இருந்த அத்தனை வண்டியும் ஒரே மூச்சில் வெளியே வரும். முதலில் எது போக வேண்டும் என்பதைக் கப்பல் ஊழியர் கையைக் காட்டி முடிவு செய்வார். பெரிய வண்டிகளை நடு வரிசையில் நிறுத்துவதால் பெரும்பாலும் லாரிகளும் மோட்டார்ஹோம்களும் முதலில் இறங்கிவிடும். கார்கள் எல்லாம் பின்னால். முதலில் இறங்கியவர் எந்த வேகத்தில் போகிறாரோ, அதுதான் மொத்த ஊர்வலத்துக்கும் வேகம். சாலையில் 80 என்று பலகை இருக்கும். நம்மவர் 50-இல் போவார். வளைவு வந்தால் 35. கடல் தெரிந்தால் 30. ஆடு தெரிந்தால் நின்றேவிடுவார்.

மெதுவாகப் போவதை நான் குறை சொல்லவே இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னாலும் எழுதுகிறேன். வாடகைக்கு எடுத்த ஏழு மீட்டர் வண்டி, பழக்கமில்லாத குறுகலான சாலை, எதிரே மீன் லாரி வருகிறது என்றால் மெதுவாகத்தான் போக வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். என் ஆத்திரம் வேகத்தைப் பற்றியதல்ல, ஒதுங்காததைப் பற்றியது. வலப்பக்கம் பேருந்து நிறுத்தம் வருகிறது, காலியாக இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறார். அகலமான சரளைத் திடல் வருகிறது, அதையும் தாண்டிப் போகிறார். பின்னால் பதினைந்து வண்டி. முந்திப் போகவும் வழியில்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர், நூறு மீட்டருக்கு ஒரு வளைவு. அரை நிமிடம் ஒதுங்கி நின்றால் மொத்தக் கூட்டமும் கடந்து போய்விடும். அப்புறம் ஆடு பாருங்கள், கடல் பாருங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

இதில் கொடுமை எங்கே என்றால், ஆன்டால்ஸ்வோகனுக்கும் ஃபோர்விக்குக்கும் நடுவே. தெற்கிலிருந்து வரும்போது ஹோர்னில் ஃபெர்ரி ஏறி, 20 நிமிடத்தில் ஆன்டால்ஸ்வோகனில் இறங்குவீர்கள். அங்கிருந்து 17 கிலோமீட்டர் போனால் ஃபோர்விக் துறை, அடுத்த ஃபெர்ரி. அந்தச் சின்னத் துண்டுச் சாலைக்கு இரண்டு முனையிலும் கடல்தான். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் ஆட்கள் முதல் ஃபெர்ரியையே பிடிக்கிறார்கள். முன்னால் போகிறவர் படம் பிடித்துக்கொண்டே போனால் பின்னால் வரும் எல்லாருக்கும் அடுத்த ஃபெர்ரி போச்சு. அதற்கடுத்தது வரும்வரை துறையில் உட்கார்ந்து கடற்காகத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு காபி நேரம். ஆனால் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் சுற்றுலாப் பயணிகளா? அந்த இடம் வெவெல்ஸ்டாட் என்ற நகராட்சி. 500 பேர்கூட இல்லாத ஊர். வடக்கே போனாலும் ஃபெர்ரி, தெற்கே போனாலும் ஃபெர்ரி. மருத்துவமனை என்றால் கடல் தாண்டி சாண்ட்னெஸ்ஷோயன் போக வேண்டும். அந்த வரிசையில் ஒரு மின் பழுது பார்ப்பவரின் வேன் இருக்கும். பனிக்கட்டி போட்ட சால்மன் மீனோடு ஒரு லாரி இருக்கும். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிய ஒரு வயதான அம்மா இருப்பார். அவர்களுக்கு இது காட்சிச் சாலை இல்லை, ஊருக்குப் போகும் ஒரே சாலை. அவர்கள் ஹாரன்கூட அடிப்பதில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். நம் ஊராக இருந்தால் ஹாரனாலேயே அவரைக் கடலில் தள்ளியிருப்போம்.

சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. எல்லாரையும் நத்தை வேகத்தில் இழுத்து வந்தவர் துறையை அடைந்ததும் என்ன ஆகும்? அவர்தான் முதல் ஆள். முதல் வரிசையில், முதல் வண்டியாக நிற்பார். ஃபெர்ரி வரும், அவர் முதலில் ஏறுவார். ஏழரை மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்வார். கடைசியில் இடம் போதாமல் கரையில் நிற்பது யார்? வரிசையின் வால். அதாவது, அவருக்குப் பின்னால் பொறுமையாக வந்த மின் பழுது பார்ப்பவரும் அந்த அம்மாவும்! தாமதப்படுத்தியவருக்கு இடம், தாமதப்படுத்தப்பட்டவருக்குக் காத்திருப்பு. இந்த நியாயத்தை எந்த ஊர் பஞ்சாயத்தில் போய்ச் சொல்வது?

வடக்கே போகப் போக ஃபெர்ரியைத் தவறவிடுவதன் விலை இன்னும் கூடும். கில்பொக்ஹாம்னிலிருந்து யெக்ட்விக் போகும் ஃபெர்ரி ஒரு மணி நேரம் ஓடுவது. நடுவில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடக்கும், கரையில் உலக உருண்டை மாதிரி ஒரு சின்னம் வைத்திருப்பார்கள், எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடிப்போய்ப் படம் எடுப்பார்கள். ஒரு மணி நேரம் ஓடும் ஃபெர்ரியைத் தவறவிட்டால் அடுத்தது உடனே வந்துவிடுமா? வராது. யெக்ட்விக்கில் இறங்கினால் முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே ஓக்ஸ்கார்டெட்டில் இன்னொரு ஃபெர்ரி. மறுபடியும் அதே ஊர்வலம். முன்னால் அதே வண்டி, பின்பக்கம் அதே இரண்டு சைக்கிள். அந்தச் சைக்கிள்களின் சக்கரத்தில் எத்தனை கம்பி என்றுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

சைக்கிள் என்றதும் நினைவு வருகிறது. கட்டணம் வாங்கும் ஃபெர்ரிகளில் அது வண்டியின் நீளத்தைப் பொறுத்தது. 6 மீட்டர் தாண்டினால் அடுத்த படிக்குப் போய்விடும். வேனைத் தங்கும் வண்டியாக மாற்றி விற்கிறவர்கள் ஏன் 5.99 மீட்டர், 5.99 மீட்டர் என்று உயிரை விடுகிறார்கள்? இதற்கும் பங்கு உண்டு. ஃபியட் டுகாட்டோ வேனின் ஒரு உடல் நீளமே 5,998 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டரில் தப்பிக்கிற வண்டி! அதை வாங்கிவிட்டுப் பின்னால் முக்கால் மீட்டருக்குச் சைக்கிள் தாங்கியை மாட்டிக்கொண்டு துறைக்கு வந்து, என் வண்டி ஆறு மீட்டருக்குள் என்று ஊழியரிடம் ஆவணத்தை நீட்டி வாதாடுகிறார்கள். ஐயா, கப்பல் தளத்தில் ஆவணமா நிற்கிறது? வண்டி நிற்கிறது. சைக்கிளோடு சேர்த்து நிற்கிறது. இப்போது பல இடங்களில் கேமராவே நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்கிறது, பில் பின்னால் வருகிறது. வீட்டுக்குப் போனபிறகு பில்லைப் பார்த்து அதிர்ச்சியாவதும் அதே ஆட்கள்தான்.

அப்புறம் அந்த எம் பலகை. குறுகலான பக்கச் சாலைகளில் நீலப் பலகையில் வெள்ளையாக ‘எம்’ என்று எழுதியிருக்கும். எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள விட்ட இடம் அது. நம் பெருமக்களில் சிலர் அங்கே வண்டியை நிறுத்தி, மடக்கு நாற்காலியை எடுத்துப் போட்டு, தேநீர் போடுகிறார்கள்! ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒதுங்காதவர், ஒதுங்குவதற்கென்றே விட்ட இடத்தில் குடியேறிவிடுகிறார். எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் அரைக் கிலோமீட்டர் பின்னால் ஓட்ட வேண்டும். தேநீர் குடிப்பவர் கையசைத்து வணக்கம் சொல்வார்.

ஏன் இப்படி என்று கேட்டால் உடனே ஒரு சட்டம் பேசுவார்கள். நார்வேயில் யாரும் எங்கும் தங்கலாமே, அது அவர்கள் மரபுரிமையாமே என்று. உரிமை இருப்பது உண்மை. 1957-இல் சட்டமாகவும் எழுதினார்கள். ஆனால் அது காட்டிலும் மலையிலும் காலால் நடந்து போகிறவருக்கு, கூடாரம் அடிப்பவருக்கு. அவருக்கும் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி என்று கணக்கு உண்டு. மூன்றரை டன் வண்டியை எங்கே வேண்டுமானாலும் ஏற்றி நிறுத்து என்று அதில் எந்த வரியிலும் இல்லை. ஒருவர் வீட்டுப் படகுக் கொட்டகைக்கு முன்னால் இரவு முழுக்க வண்டியைப் போட்டுவிட்டு மரபுரிமை பேசுவது நல்ல கூத்து.

கப்பலுக்குள்ளே போனாலும் நிம்மதி இல்லை. எரிவாயு உருளையை மூடு என்று பலகை வைத்திருப்பார்கள், பாதிப்பேர் மூடுவதில்லை. திருட்டு அலாரத்தை அணைக்காமல் மேலே போய்விடுவார்கள். கடல் லேசாக ஆடியதும் கீழே வண்டி அலறத் தொடங்கும். அணைக்க ஆள் வராது, அவர் ஆர்க்டிக் வட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் சொன்னால், ‘நாங்கள் விடுமுறைக்கு வந்திருக்கிறோம், எங்களுக்கு என்ன அவசரம்?’ என்கிறார்கள். உங்களுக்கு அவசரம் இல்லை என்பதுதானே ஒதுங்குவதற்கான முதல் தகுதி! அவசரமே இல்லாத ஒருவரால் அரை நிமிடம் ஓரமாக நிற்க முடியாதா? இன்னொரு கூட்டம், ‘வேண்டுமானால் அவர்கள் முந்திக்கொள்ளட்டும்’ என்கிறது. எங்கே முந்துவது, கடலுக்குள் இறங்கியா?

வாடகைக்கு விடுகிற இடங்கள் மீதும் எனக்குக் கோபம்தான். கழிவறைப் பெட்டியை எப்படிக் கழற்றுவது, எங்கே கொட்டுவது, கழுவிய தண்ணீரை வெளியேற்றும் குழாயை எப்படித் திறப்பது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுக்கிறார்கள். வெய்யில் மறைப்பை விரிக்கத் தனியாகக் காணொளி. பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கு என்று ஒரு வாக்கியம் சொல்ல நேரமில்லை. இவர்கள் விளம்பரத்தைப் பார்த்தால் அந்த நீளமான சாலையில் எப்போதும் ஒரே ஒரு வண்டிதான் போகும். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் நில், எப்போது வேண்டுமானாலும் கிளம்பு என்று சுதந்திரம் விற்கிறார்கள். ஃபெர்ரி அட்டவணை கையில் வந்ததும்தான் தெரிகிறது, எப்போது கிளம்புவது என்பதைத் துறையில் ஒட்டிய காகிதம் தீர்மானிக்கிறது, எப்போது போய்ச் சேர்வது என்பதை முன்னால் போகும் வண்டி தீர்மானிக்கிறது என்று.

ஆகவே வாடகைக்கு விடும் முதலாளிகளே, கழிவறை வகுப்பில் ஐந்து நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: பின்னால் மூன்று வண்டி சேர்ந்துவிட்டால் வலப்பக்க இண்டிகேட்டர் போடு, ஓரம் கட்டு. செலவு ஒன்றும் பெரிதாக வராது. ஓட்டுகிறவர்களே, ஸ்டிக்கர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஃபெர்ரியிலிருந்து முதலில் இறங்குகிறீர்களா, முதல் பேருந்து நிறுத்தத்திலேயே ஒதுங்கி எல்லாரையும் அனுப்பிவிடுங்கள். ஃபோர்விக்கில் கடைசி ஆளாக வந்து இடம் கிடைக்காமல் நின்றாலும் உங்களுக்கு என்ன நட்டம்? படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கிறதே. அந்த அம்மாவின் காரில் அதெல்லாம் இல்லை.