கல்யாணத்தை விட்டுவிட்டு என்ன வரலாறு?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மேடையேறிய ஒருவர், நான் எழுதிவரும் சரித்திரத் தொடர்கதையைக் கேலி செய்தது உங்களில் பலருக்குத் தெரியும், முழுக்க விவரிக்கப் போவதில்லை. "போர் முடிஞ்சதும் கல்யாணம், கல்யாணம் முடிஞ்சதும் காதல். இதெல்லாம் சரித்திர நாவலா? சமையலறைக் கதை" என்று அவர் சொன்னபோது எழுந்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. சிரித்தவர்களில் என் தொடரை வாராவாரம் படிப்பவர்களும் இருந்தார்கள்.

என் நாயகி வீரராஜேந்திர சோழனின் மகள். கூடல் சங்கமம் என்ற இடத்தில் சோழர்களோடு போரிட்டுத் தோற்ற சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் 1068இல் துங்கபத்திரை ஆற்றில் இறங்கி உயிரை விட்டான். மூத்த மகன் சோமேசுவரன் பட்டத்துக்கு வந்தான். தம்பி விக்கிரமாதித்தனுக்கு அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. அந்தத் தம்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட வீரராஜேந்திரன், அவனுக்குத் தன் மகளையே கட்டிக்கொடுத்தான். அந்தக் கல்யாணம்தான் உடன்படிக்கை. இதை விட்டுவிட்டு அந்தப் போரை எப்படி எழுதுவீர்கள்?

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1070இல் அப்பா இறந்துபோகிறார். அவள் சகோதரன் அதிராஜேந்திரனை அரியணையில் உட்கார வைக்கக் கணவன் கங்கைகொண்ட சோழபுரம் வரை வருகிறான். அவன் ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே அதிராஜேந்திரன் கொல்லப்பட்ட செய்தி வருகிறது. அரியணையில் இப்போது ஆந்திரப் பக்கத்து வேங்கி நாட்டிலிருந்து வந்த குலோத்துங்கன். யார் அவன்? வீரராஜேந்திரனின் சகோதரி அம்மங்கையின் பிள்ளை, இவளுக்கு அத்தை மகன்! கணவனும் அத்தை மகனும் ஜென்ம விரோதிகள். அன்று இரவு அந்த அரண்மனையில் அவள் சாப்பிட்டிருப்பாளா? கணவன் அவளிடம் என்ன சொல்லியிருப்பான்? இதை எழுதினால் சமையலறைக் கதையாம்.

விக்கிரமாதித்தனின் அவைக்கவி பில்கணர், பின்னால் வந்த ராணி சந்திரலேகையின் அழகையும் சுயம்வரத்தையும் தன் காவியத்தில் அத்தியாயக் கணக்கில் பாடியிருக்கிறார். சோழன் மகளுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் அத்தை ஒருத்தியை வாய்க்கால் தகராறைத் தீர்ப்பதற்காகவே எதிர்வீட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. மாமா அதிகம் பேசாதவர். தாத்தா இறந்த வருஷம் மறுபடி சண்டை மூண்டது. அவள் பிறந்த வீட்டில் விதைநெல்கூட இல்லை. ஒரு ராத்திரி மாமா இரண்டு மூட்டை விதைநெல்லை எங்கள் திண்ணையில் இறக்கிவிட்டு, தன் அண்ணன் தம்பிகளுக்குத் தெரியாமல் வீடு திரும்பியிருக்கிறார். "அன்னைக்குத்தான்டி அவர் எனக்குப் புருஷனானார்" என்பாள் அத்தை. இப்படி ஒரு காதல் இருக்கவே முடியாது என்று மேடையில் ஏறிச் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?

இளவரசியின் மனசுக்குக் கல்வெட்டு ஆதாரம் கேட்கிறார்கள். கிடையாது. சேனாதிபதியின் கண் சிவந்ததற்கு மட்டும் கல்வெட்டு இருக்கிறதா? குதிரை கனைத்ததற்கு? அதையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கைதட்டுகிறீர்களே.

சம்மதம் கேட்காத கல்யாணத்தைப் புனிதமாக்குகிறேன் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் என் கதையில் அவள் முதல் இரவிலேயே மயங்கி விழவில்லை. நான்கு அத்தியாயம் வரை அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. தயவுசெய்து படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு வலித்தது விமர்சனம் அல்ல, அந்தச் சிரிப்பு. அம்மாவும் பெரியம்மாவும் வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்தவர்கள். சரித்திர நாவலை இத்தனை வருஷம் வாழவைத்ததில் அவர்களுக்குப் பங்கே இல்லையா? அவர்கள் வீட்டு வேலை முடித்து மத்தியானத்தில் படித்தார்கள் என்பதற்காக அது மட்டமாகிவிடுமா?

வெள்ளிக்கிழமை அடுத்த அத்தியாயம் வரும். சகோதரன் கொலையான செய்தியோடு தூதன் வருகிறான். அவள் கணவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். ஒரு வரியைக்கூட மாற்றப் போவதில்லை.