எம்-பெசா ஸ்மார்ட்போன் மோகத்தால் வளர்ந்ததல்ல

கென்யாவில் ஏழைகளும் பகட்டுக்காக ஸ்மார்ட்போன் வாங்கிக் குவித்ததால்தான் எம்-பெசா என்னும் கைபேசிப் பணச்சேவை வளர்ந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது காலவரிசைக்கே பொருந்தவில்லை. சஃபாரிகாம் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் அச்சேவையை 2007 மார்ச்சில் தொடங்கியபோது முதல் ஐபோன்கூட விற்பனைக்கு வந்திருக்கவில்லை. நைரோபியில் கூலிவேலை செய்பவர், சிம் கார்டிலேயே பதிந்திருக்கும் மெனுவைத் திறந்து, பெறுபவரின் எண்ணையும் தொகையையும் தம் ரகசிய எண்ணையும் அழுத்தி அனுப்பினால், ஊரிலிருக்கும் அவருடைய தாய் பக்கத்துக் கடையிலுள்ள முகவரிடம் அதை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம்; இதற்குச் சாதாரண பட்டன் போனே போதும், இணைய வசதியும் தேவையில்லை. விலையுயர்ந்த கைபேசி அங்கும் அந்தஸ்தின் அடையாளம்தான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'போடா போடா' எனப்படும் வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டுநர்களில் பலர், செயலி வழியே வரும் சவாரிக்காகவே ஸ்மார்ட்போன் வைத்திருக்கிறார்கள். எம்-கோபா போன்ற நிறுவனங்களிடம் அதைத் தவணையில் வாங்கியவர்கள், பணம் கட்டத் தவறினால் போன் பூட்டிக்கொள்ளும் என்று தெரிந்தே அன்றாட வருமானத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். அந்தப் பிழைப்புச் செலவையும் பகட்டுக் கணக்கில் சேர்ப்பது அவர்களுக்கு இழைக்கும் அநியாயம்.