வாசலில் சொல்லாமல் வந்த பதில்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகம் பார்த்தேன். பகலில் வேறு வேறு வேலை பார்ப்பவர்கள் மூன்று மாதம் மாலை நேரங்களில் கூடி, ஒத்திகை பார்த்து மேடையேற்றியது. முடிந்ததும் இயக்குநர் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன அத்தனை பேரும் "சூப்பர்" என்றார்கள். நானும் "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் கேட்டது நிஜமாகவே கேட்ட கேள்வி. அதனால் முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

குடும்ப வீட்டை விற்பதா வேண்டாமா என்பதுதான் கதை. அப்பா, அம்மா, மகள். கதையின் உச்சமே அப்பா மகளிடம் சொல்லும் ஒற்றை வாக்கியம்: "இந்த வீட்ட நான் விக்க மாட்டேன்." நான் உட்கார்ந்திருந்த பத்தாவது வரிசைக்கு வந்து சேர்ந்தது "இந்த வீட்ட நான் விக்க" வரைக்கும்தான். பக்கத்தில் இருந்தவர் "விக்கப் போறாரா?" என்று என்னிடம் கேட்டார்.

நடிகருக்குக் குரல் இல்லாமல் இல்லை. வாக்கியத்தை நிமிர்ந்து தொடங்கி, மூச்சு தீரும்போது கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறார். அன்று மேடையில் இருந்த எல்லோருக்குமே இந்தப் பழக்கம் இருந்தது. தமிழில் இது பெரிய சேதம். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. செய்தாரா செய்யவில்லையா, யார் செய்தார், எப்போது என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. அதை விழுங்கினால் வாக்கியமே போய்விடும். ஒத்திகையில் யாராவது ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதில் விழாத ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினாலே போதும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

இன்னொன்று அந்த ஸ்டாண்ட் மைக். மேடை முன்னால் இரண்டு வைத்திருந்தார்கள். அப்பாவும் மகளும் சண்டை போட வேண்டிய இடத்தில், இரண்டு பேரும் ஆளுக்கொரு மைக்கிடம் போய் நின்று எங்களைப் பார்த்துப் பேசினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. 1887இல் பாரிஸில் ஆந்த்ரே அந்த்வான் என்பவர் தன் நாடகக் குழுவைத் தொடங்கினார். கேஸ் கம்பெனியில் குமாஸ்தா. கூட நடித்தவர்களும் அமெச்சூர்கள்தான். அவர்கள் தேவைப்பட்டால் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நின்றே பேசினார்கள். அறைக்குள் வாழும் மனிதர்கள் அப்படித்தானே நிற்பார்கள்? நூற்றைம்பது பேர் உட்காரும் சின்ன அரங்குக்கு மைக்கே தேவையில்லை. எடுத்துவிடுங்கள். அந்தச் சண்டை உயிர் பெற்றுவிடும்.

காட்சி மாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுக் காட்சி, நடுவே ஏழு முறை இருட்டு. ஒவ்வொரு முறையும் அரங்கில் செல்போன் வெளிச்சம் பூத்தது. ஒரு மேசையை நகர்த்த அத்தனை இருட்டு எதற்கு? வெளிச்சத்திலேயே மகள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகட்டும், அதுவும் நடிப்புதான்.

"பாவம், ஆர்வத்துல செய்றாங்க, குறை சொல்லலாமா?" என்று என் நண்பர் கேட்டார். செட்டில் பெயின்ட் சரியில்லை, உடை பொருந்தவில்லை, முப்பது வயதுக்காரர் அறுபது வயது அப்பாவாக வருகிறார் என்பதையெல்லாம் நான் சொல்லவே மாட்டேன். அவை காசும் ஆளும் இல்லாததால் வருபவை. மேலே சொன்னவற்றுக்குக் காசு வேண்டாம், கவனம் போதும். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவரும் தொழில்முறை நடிகர் இல்லை, பிறகு வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். பிழைப்புக்கு வேறு வேலை இருப்பவர்களிடமிருந்து நல்ல நாடகத்தை எதிர்பார்ப்பது நமக்குப் புதிதல்ல. "பாவம்" என்பதுதான் அவர்களைச் சிறுமைப்படுத்தும் சொல்.

அம்மாவாக நடித்தவரைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அவருக்கு இதுதான் முதல் மேடை என்றார்கள். ஆறாவது காட்சியில் அப்பாவுக்கு வசனம் மறந்துவிட்டது. மேடை ஓரத்து மறைவிலிருந்து யாரோ வசனத்தை எடுத்துக் கொடுத்தார், அதுவும் அவர் காதில் விழவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். பதறவில்லை. இன்னும் இரண்டு துணியை மடித்து அடுக்கினார். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, "என்னமோ சொல்ல வந்தீங்களே" என்றார். அப்பாவுக்கு வசனம் திரும்பி வந்தது. அந்த இரண்டு துணி நேரம் அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. அன்றைய நாடகத்தில் மிக உண்மையாக இருந்த இடம் அதுதான். அது ஒத்திகையில் வந்திருக்க வழியில்லை. அந்தப் பாத்திரமாகவே இருந்ததால் வந்தது. இயக்குநர் அந்த மௌனத்தை அப்படியே நாடகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த மாதம் மறுபடியும் போடுகிறார்களாம். இந்தப் பதிவை இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன். இந்த முறை கடைசி வரிசையில் உட்காரப் போகிறேன். அந்த "மாட்டேன்" அங்கே கேட்க வேண்டும்.